ஆளைக் கேட்டேன், என் மதினியைக் காட்டினார்

சபையார் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து எழுதி எழுதியே காலத்தைத் தள்ளுகிறவன். பேச்சென்றால் எனக்குத் தெரிந்தது ஏச்சு ஒன்றுதான். என் வீட்டுக்காரியைக் கேட்டால் சொல்லுவாள். ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்த காரியத்தை ஆறு வருஷமாக நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

1958-ஆம் வருஷம், ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். கோயில்பிள்ளை சாமுவேல், அதாவது எங்கள் மேலகரம் கோயிலில் மணி அடித்து, பெருக்கி, விளக்கேற்றுகிறவன், சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, மோசம் போயிட்டோம்! பாக்கியநாதன் அண்ணாச்சி அருவியில வழுக்கி விழுந்துட்டாவ. இடுப்பெலும்பு போச்சாம். கார் வச்சுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயிட்டாவ!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் கோயிலில் அசனம். அதுவும் முதல் அசனம். கோயில் கட்டி இருபத்தைந்து வருஷமான சந்தோஷத்துக்கு, சபையார் எல்லோரும் சேர்ந்து பொங்கி, என்ன சாதி என்ன மதம் என்று பார்க்காமல் ஊரையே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுவதென்று தீர்மானம். தண்டோரா போட்டாயிற்று. மேலகரம் முழுக்க அழைத்தாயிற்று, தென்காசியிலும் பல தெருக்களுக்குச் சொல்லியாயிற்று. ஆயிரம் பேர் வருவார்கள் என்று கணக்கு. கிடாக்கள் கோயில் வளவில் கட்டிக் கிடக்கின்றன. அரிசி மூட்டை வந்து இறங்கிவிட்டது. செயலாளர் நான். லிஸ்ட் எழுதியவன் நான். அத்தனைக்கும் தலைமைத் தவசுப்பிள்ளை பாக்கியநாதன் அண்ணாச்சி ஒருவர்தான். சமையலுக்கு அவரை விட்டால் எங்களுக்கு வேறு நாதி கிடையாது.

"அசன வேலைக்கென்று சபையில் முப்பது பேர் இருக்கிறீர்களே, நீங்களே பொங்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கடம். எங்கள் சபையில் ஒரு ஒழுங்கு உண்டு. அசனச் சோற்றை ஜெபம் பண்ணிப் பரிமாறுகிற வரைக்கும் ஒருவரும் நாக்கில் வைக்கக் கூடாது. ஒரு சொட்டு குழம்பைக்கூட உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கக் கூடாது. முதலில் ஆண்டவருக்கு, அப்புறம் ஜனத்துக்கு, கடைசியில்தான் சமைத்தவனுக்கு. ருசி பார்க்காமல் ஆயிரம் பேர் குழம்புக்கு உப்புப் போட யாருக்குத் தைரியம் வரும்? பாக்கியநாதன் அண்ணாச்சி எத்தனையோ ஊர் அசனத்துக்கு உப்புப் போட்டவர். அளவு என்னவென்று ஒருதடவை கேட்டேன். "கைக்குத் தெரியும் தம்பி, வாயில சொல்ல வரமாட்டேங்கு" என்று சிரித்துவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரை அருவிக்கு அனுப்பினதே நான்தான். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. "போய் எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு வாங்க அண்ணாச்சி, நாளைக்குப் பூரா அடுப்புச் சூட்டுல நிக்கணும்லா" என்று பெரிய கரிசனமாகச் சொல்லி அனுப்பினேன். அந்த எண்ணெய்தான் காலை வாரிவிட்டது.

குடையை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த இரண்டு தவசுப்பிள்ளைகளையும் பார்த்தேன். ஒருவர் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் மாசக்கணக்கில் சமையலுக்கு அமர்ந்துவிட்டார். இன்னொருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கா? சீசன் நேரத்துல வந்து தவசுப்பிள்ளை கேக்கியளே, உங்களுக்குக் கிறுக்கா வே?" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

மூன்று மணிக்கு ஆளில்லாத கோயிலுக்குள் போய்த் தரையில் முழங்கால் படியிட்டேன். ஜெபம் பண்ணினேன் என்று சொல்வதைவிட, சண்டை போட்டேன் என்று சொல்வதுதான் சரி. "ஆண்டவரே, இது என் வீட்டுக் கல்யாணமா? உம்முடைய அசனம். நாளைக்கு ஜனங்கள் இலையை மடித்துவிட்டு எழுந்து போனால் யாருக்குக் கேவலம்? ஆளை எடுத்தீர். ஆளைத் தாரும்." கத்தினேன். அழுதேன். கத்தி ஓய்ந்து, நெற்றியைத் தரையில் வைத்தபடி சும்மா கிடந்தேன்.

அப்போது மனதில் ஒரு பேர் வந்தது. சத்தமும் கேட்கவில்லை, தரிசனமும் காணவில்லை. பேர் மட்டும் வந்தது. அன்னம்மாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்னம்மாள் என் கூடப்பிறந்த அண்ணனின் பெண்சாதி. என் மதினி. அண்ணன் காலமானபின் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்க, ஆய்க்குடிப் பக்கம் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலைக்குப் போனவர். இருநூறு பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் பொங்கிப் போடுகிறவர். வேலைக்குப் போன அந்த வாரமே ஆராதனை முடிந்து எல்லோரும் நிற்கும்போது, கோயில் முற்றத்தில் வைத்து நான் கத்தினேன். "எங்க குடும்பத்துப் பொம்பள ஊரான் பிள்ளைக்குச் சட்டி கழுவப் போறதா? மானம் போகுது!" பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். அதோடு எங்கள் கோயிலுக்கும் வரவில்லை, என் வீட்டுக்கும் வரவில்லை. ஏழு வருஷம்.

"ஆண்டவரே, வேற ஆள் இல்லையா?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்! பத்து நிமிஷம் காத்திருந்தும் பார்த்தேன். வேறு பேர் வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி கனகம் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஜெபத்துக்குப் பதிலு வந்துட்டு போலுக்கே," என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வேப்பங்காயக் கடிச்ச மாதிரில்லா வாரிய. உங்களுக்குப் பிடிச்ச பதிலா இருந்தா இந்நேரம் தெருவெல்லாம் சொல்லியிருப்பிய."

பேரைச் சொன்னேன். அவள் கொடியில் கிடந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். "தலைய நனைக்காமப் போயிட்டு வாங்க," என்றாள். அவ்வளவுதான்.

சாரலில் சைக்கிளை மிதித்தேன். ஆய்க்குடி போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. வழியெல்லாம் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். மன்னிப்புக் கேட்பதா? சபைக் காரியம் என்று மட்டும் சொல்வதா? ஆராதனைக்கு வராத குற்றத்தை ஞாபகப்படுத்துவதா? பாருங்கள், உதவி கேட்கப் போகிறவனுக்கு இருந்த திமிரை!

போர்டிங் அடுக்களை வாசலில் நின்றேன். மதினி ஒரு அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். "மதினி" என்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "வாங்க தம்பி. நனைஞ்சுட்டியளே. வீட்டுல கனகம் சொகமா?" என்றார். ஏழு வருஷம் பேசாதவர் மாதிரியா இது? நேற்றுப் பார்த்தவரைக் கேட்கிற மாதிரி!

நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு மட்டும் தொண்டையை விட்டு வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தணும். வார்டனம்மா விடணும். அப்புறம் பஸ் கிடைக்கணும். பாக்கேன் தம்பி," என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு தம்ளர் சுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை விடிந்தது. விறகு ஈரம், எப்படியோ பற்ற வைத்தோம். கறி வெட்டி, மசால் அரைத்து, இரண்டு பெரிய அண்டாக்களில் குழம்பு ஏறியது. ஒன்பது மணி ஆயிற்று. மதினி வரவில்லை. ஒன்பதரை ஆயிற்று. வரவில்லை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ரோட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். குழம்பு தளதளவென்று கொதிக்கிறது.

"எப்படி வருவாள்? நீ பேசின பேச்சுக்கு எந்த மானமுள்ளவள் வருவாள்?" என்று என் மனசே என்னை ஏசியது. ஜெபம் பண்ணினவன் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டாமா? பொறுக்கவில்லையே! மற்றவர்கள் பந்தல் பக்கம் போன நேரம் பார்த்து, ஒரு குத்துமதிப்பாக அண்டாவுக்கு ஒரு படி உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டிவிட்டேன். செயலாளர் பதறிவிட்டான் என்று பேர் வரக்கூடாதே! ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

பத்து மணிக்கு மதினி பஸ்ஸை விட்டு இறங்கினார்! கையில் ஒரு சின்னத் துணிப்பை. குருவானவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். சேலையை இழுத்துச் செருகினார். நேராக அடுப்புக்குப் போவார் என்று பார்த்தால், உப்பு வைத்திருந்த ஓலைக் கடவத்தின் பக்கம் போய்க் குனிந்தார்.

"தம்பி, உங்க லிஸ்டுல உப்பு எத்தன படி?"

"எட்டுப் படி, மதினி."

அவர் படியை எடுத்து அளந்தார். நாலு படிதான் இருந்தது.

"யாரு உப்புப் போட்டது?"

நான் போட்டது இரண்டு படிதானே! இன்னும் இரண்டு படி எங்கே? பொய் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மெய்தான், ஒளிப்பானேன். கடைசியில் "நான்தான் மதினி. அண்டாவுக்கு ஒரு படி," என்றேன்.

பின்னாலிருந்து சாமுவேலின் குரல் மெதுவாக வந்தது. "நானும் அண்டாவுக்கு ஒரு படி போட்டேன். அண்ணாச்சி பதறிக்கிட்டுக் கிடக்காவ, பாவம், அவியளுக்குத் தெரியாமப் போட்டுருவோம்னு…"

ஐயோ! ருசி பார்க்காத ஊரில்தான் இப்படி நடக்கும். ஒருவன் வாயில் வைத்திருந்தால்கூட இரண்டாவது ஆள் போட்டிருப்பானா?

மதினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ருசி பாக்காதது சரிதான், ஒழுங்கு. போட்டுட்டேன்னு வாயத் தெறந்து சொல்லக்கூட ஒழுங்கு இல்லியோ?" என்றார். பெண்கள் கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. அத்தனை கிடாவும் போச்சு, குழம்பைக் கொட்டவேண்டியதுதான் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க தம்பி. ரெண்டு அண்டாவ நாலு அண்டாவாக்குவோம். கறித்துண்டு இலைக்கு இலை குறையும். குழம்பு குறையாது," என்றார் மதினி. அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த வேகத்தை! வீடு வீடாகப் பெண்களை ஓடவிட்டார். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, துவரம்பருப்பு, தேங்காய் என்று மடிமடியாக வந்து விழுந்தன. எல்லாவற்றையும் உப்பில்லாமல் வேகவைக்கச் சொன்னார். ஆள் அனுப்பிக் கேட்டதும், தென்காசியில் நெசவுக்காரத் தெருப் பாய்மார் தர்காக் கந்தூரிக்குப் பொங்குகிற இரண்டு பெரிய அண்டாக்களை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். கூடவே மதினி, இன்னும் வீட்டுக்கு இரண்டு படி அரிசி கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு மறுபடியும் கோபம். "அரிசி எதுக்கு மதினி? வாரது ஆயிரம் பேரு. இவ்வளவையும் பொங்கிச் சிற்றாத்துலயா கொட்ட?"

அவர் அகப்பையை நிறுத்தாமலே சொன்னார். "உப்பு கூடினதால குழம்பு கூடுது. குழம்பு கூடினதால சோறு கூடுது. இனி ஆளு கூடணும். அதுக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க. இப்ப வந்து அண்டாவத் தேய்ங்க."

பாய்மார் கொடுத்த செம்பு அண்டாக்களில் களிம்பு ஏறியிருந்தது. கச்சேரிக் குமாஸ்தா நான், சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். சபை முழுவதும் பார்க்கிறது. முதல் ஐந்து நிமிஷம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கப்புறம் என்ன ஆனதோ, மனசில் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது. கனகம் தண்ணீர் ஊற்ற வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

"மதினி," என்றேன், "அன்னைக்கு நான் பேசினது…"

"தேய்ங்க தம்பி. அடியில இன்னும் களிம்பு போகல," என்றார்.

இரண்டு மணிக்குக் குருவானவர் எங்களை அடுப்பைச் சுற்றி நிறுத்தி ஜெபித்தார். "ஆண்டவரே, சோறு இருக்கிறது, குழம்பு இருக்கிறது, சாப்பிட ஜனங்களை அனுப்பும்." என் ஆயுசில் அப்படி ஒரு ஜெபத்தை நான் கேட்டதில்லை. நேற்றுச் சமைக்க ஆள் கேட்டேன். இன்றைக்குச் சாப்பிட ஆள் கேட்கிறோம்! ஆனால் இந்தத் தடவை நான் சண்டை போடவில்லை. ஆமென் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மணிக்கு மலை கறுத்தது. குற்றாலத்துப் பக்கம் வானமே தெரியவில்லை. அருவியில் காட்டாற்றுத் தண்ணீர் கல்லும் கட்டையுமாக இறங்க, குளிக்க வந்த கூட்டம் அத்தனையையும் வெளியேற்றிவிட்டார்கள். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஓட்டல்களில் ஒன்றும் மிச்சமில்லை. நனைந்த துணியும் பசித்த வயிறுமாகத் தென்காசியைப் பார்த்து ஜனங்கள் நடக்க ஆரம்பித்தார்கள். குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகிற ரோட்டில்தானே எங்கள் மேலகரம் இருக்கிறது! சாமுவேல் ரோட்டில் நின்றுகொண்டு, "வாங்க, வாங்க, இங்கன சாப்பாடு இருக்கு, வந்து சாப்பிட்டுப் போங்க!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். எந்த ஊர்க்காரர்களோ! மதுரைக்காரர்கள் வந்தார்கள், செங்கோட்டைக்கு அப்பால் மலையாளம் பேசுகிறவர்கள் வந்தார்கள், பச்சைக் குழந்தையை முண்டாசில் சுற்றிக்கொண்டு ஒரு தகப்பன் வந்தான். பந்தல் கொள்ளவில்லை. கோயிலுக்குள்ளும் பாய் விரித்தோம்.

குருவானவர் ஜெபித்து முடித்தார். முதல் பந்தி. குழம்பு வாளி என் கையில். அந்த நிமிஷம் வரைக்கும் உப்பு எப்படி இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. முதல் இலையில் மேலகரத்து விவசாயி சுடலைமுத்து அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்தார். வாயில் வைத்தார். மென்றார். நிதானமாக மென்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன வே ஞானமுத்து, திங்கிறவன் வாயப் பாத்துக்கிட்டு நிக்கேரு? இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும் வே! நல்லால்லா இருக்கு!"

ஸ்தோத்திரம்! அல்லேலூயா! வாளியோடு நான் துள்ளிய துள்ளலில் குழம்பு அவர் வேட்டியில் தெறித்தது. அவர் ஏசவில்லை. இலை தீர்ந்து, பக்கத்துத் தோட்டத்தில் போய் வெட்டிக்கொண்டு வந்தோம். பந்திக்கு மேல் பந்தி. ஆயிரம் பேர் என்று நான் போட்ட கணக்கு எங்கேயோ போய்விட்டது. வந்தவர்களில் ஒருவர்கூடப் பசியோடு ரோட்டுக்குத் திரும்பவில்லை. நாலாவது அண்டாவில் கடைசியாக எங்கள் வேலைக்காரர் முப்பது பேருக்கு மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு அண்டாக் குழம்போடு நான் நின்றிருந்தால் பாதிப் பேரை ஈரத்தோடு பசியோடு அனுப்பியிருப்பேன். என் அவசரத்தையும், சாமுவேலின் அவசரத்தையும்கூட ஆண்டவர் வீணாக்காமல் எடுத்துக்கொண்டார். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

கடைசிப் பந்தியில் மதினி உட்கார்ந்தார். நான் இலை போட்டேன், சோறு வைத்தேன். அப்புறம் நிமிர்ந்து நின்றேன். தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"சபையாரே, ஏழு வருஷத்துக்கு முந்தி இங்கன நின்னுதான் என் மதினிய எல்லாரு முன்னாலயும் கேவலப்படுத்தினேன். எல்லாரு முன்னாலயும் கேக்கேன். மதினி, என்ன மன்னிக்கணும்."

மதினி தலை நிமிரவில்லை. அவர் கண்ணீர் இலையில் விழுந்தது. பக்கத்தில் கிடந்த ஒரு இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்தார்.

"உக்காருங்க தம்பி," என்றார். "நீங்களும் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலல்லா."

உட்கார்ந்தேன். அவரே எனக்குப் பரிமாறினார். தேம்பிக்கொண்டே சாப்பிட்டேன்.

பாக்கியநாதன் அண்ணாச்சி மூன்று மாசத்தில் கம்பூன்றி நடந்து வந்தார். இப்போது வருஷா வருஷம் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மதினி அடுப்பில் நிற்கிறார். அண்டா தேய்க்கிறவன் நான். என் கோபம் முழுக்கப் போய்விட்டதென்று சொன்னால் கனகம் சிரிப்பாள். ஆனால் ஒரு மனுஷரை இன்ன வேலைக்காரர் என்று இளக்காரமாகப் பார்க்கிற புத்தி அன்றைக்கே என்னை விட்டுப் போயிற்று. அதற்காகவே நான் ஆயுசு முழுக்க ஆண்டவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

என் அன்பான சகோதர சகோதரிகளே, உங்களில் யாருக்காவது கைக்கு உதவியாக இருந்த ஆள் திடீரென்று இல்லாமல் போயிருக்கலாம். வேலை பாதியில் நிற்கலாம். கேளுங்கள், ஆண்டவர் கட்டாயம் ஆள் தருவார். அதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. ஆனால் அவர் தருகிற பேர் உங்கள் மனசில் வரும்போது, "ஐயோ, அவரா?" என்று நீங்கள் முகத்தைத் திருப்பலாம். திருப்பாதீர்கள். அன்றைக்கே புறப்பட்டுப் போங்கள். நீங்கள் ஆளைத்தான் கேட்டிருப்பீர்கள். எனக்கு அவர் என் மதினியைத் திருப்பிக் கொடுத்தார்.